வாங்கிய நூலும் வாடகை நூலும்

விலை கொடுத்து வாங்கிய பொருள் வாங்கியவர்க்கே உரியது. இதனை எடுத்துரைக்கச் சட்டம் கற்ற அறிஞர் வேண்டா. வாரச் சந்தையில் ஒரு மண்பானை வாங்கிச் செல்லும் மூதாட்டியும் இதனை நன்கு அறிவாள். பானை விற்பவர் அவளை நோக்கி, "இதில் நீர் மட்டுமே வைத்தல் வேண்டும், மோர் வைத்தல் கூடாது. உன் மகளுக்கு இதனைக் கொடுத்தலும் கூடாது. நான் கடையை மூடும் நாளில் இப்பானையும் உடைந்துபோகும்" என்று கூறுவாராயின், அம்மூதாட்டி நகைத்துவிட்டு அடுத்த கடைக்குச் சென்றுவிடுவாள். ஆயின், இன்று உலகெங்கும் மின்னூல் வாங்குவோர் பலர் ஏறத்தாழ இத்தகைய உடன்பாட்டிற்கே தலையசைக்கின்றனர். தாம் தலையசைத்ததை அவர்களுள் பெரும்பாலோர் அறிவதும் இல்லை. அவ்வுடன்பாடு பல பக்கங்களுக்கு நீண்டு, சிறு எழுத்துகளில் அமைந்திருக்கின்றது. அதன் அடியில் 'ஒப்புக்கொள்கிறேன்' என்னும் பொத்தான் மட்டும் பெரிதாகத் தோன்றுகின்றது.

மின்னூல் என்பது தாளும் மையும் இன்றிக் கணிப்பொறிக் கோப்பாக அமைந்த நூலாகும். கைப்பேசியிலும், வாசிப்பதற்கென்றே செய்யப்பட்ட கருவியிலும் அதனைப் படிக்கலாம். அதன் நன்மைகள் பல. ஓர் அலமாரி கொள்ளாத நூல்களை உள்ளங்கையில் அடங்கும் கருவி கொள்கின்றது. கண்ணொளி மங்கிய முதியோர் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கின்றனர். சிற்றூரில் வாழும் மாணவன் ஒருவன், பெருநகரத்தில் வெளிவந்த நூலை அன்றே பெற்று மகிழ்கின்றான். கரையானுக்கும் மழைநீருக்கும் அவன் அஞ்ச வேண்டுவதில்லை. இவற்றை மறுத்துப் பழமையைப் போற்றுவது என் கருத்தன்று. மின்னூல் நல்லது, அதனை நமக்குத் தரும் முறையில்தான் குறை உள்ளது.

இன்று மின்னூலைப் பெறுவதற்கு இரு வழிகள் உள்ளன. திங்கள்தோறும் ஒரு தொகையைச் செலுத்தி, நிறுவனத்தின் தொகுப்பில் உள்ள நூல்களை விரும்பியவாறு படிப்பது ஒரு வழி. இசையும் திரைப்படமும் இவ்வழியிலேயே இன்று பலரை அடைகின்றன. இதனை 'ஸ்ட்ரீமிங்' என்று வழங்குவர். அமேசான் நிறுவனம் 2014-ஆம் ஆண்டில் 'கிண்டில் அன்லிமிடெட்' என்னும் பெயரால் நூல்களுக்கு இத்தகைய திட்டம் ஒன்றைத் தொடங்கியது. கட்டணம் செலுத்தும் வரையில் நூல் உண்டு; கட்டணம் நின்றால் நூலும் நின்றுவிடும்.

இவ்வழியைச் சிலர் பெரிதும் வெறுக்கின்றனர். நான் அவ்வாறு வெறுக்கவில்லை. நம் நகரங்களில் வாடகை நூல் நிலையங்கள் இருந்த காலத்தில், சிறு தொகை கொடுத்து நாவல்களை எடுத்துச் சென்று படித்துத் திருப்பிக் கொடுத்தவர் பலர். அந்நூல்கள் தம்முடையன என்று அவர்கள் எண்ணியதும் இல்லை. நூல் நிலையத்தார் அவ்வாறு எண்ணுமாறு செய்ததும் இல்லை. வாடகையை வாடகை என்று கூறிப் பெறுவதில் வஞ்சம் ஏதும் இல்லை. அமெரிக்காவில் 'ஆய்ஸ்டர்' என்னும் நிறுவனம் 2013-ஆம் ஆண்டில் இத்தகைய வாடகைப் பணியைத் தொடங்கி, 2015-ஆம் ஆண்டிலேயே அதனை நிறுத்தப்போவதாக அறிவித்தது. அதன் வாசகர் வருந்தியிருப்பர். ஆயினும், தம் பொருள் பறிபோயிற்று என்று முறையிட அவர்க்கு இடமில்லை. ஒருமுறை படித்து மறந்துவிடும் கதைகளுக்கு இம்முறை ஏற்றதே. ஆனால், ஆண்டுதோறும் புரட்ட வேண்டிய அகராதியையும், பத்து வயதில் ஒரு பொருளும் முப்பது வயதில் வேறொரு பொருளும் தரும் இலக்கியத்தையும் வாடகைக்கு எடுத்து வாழ்வது, சமைக்கும் பாத்திரத்தை நாள்தோறும் இரவல் வாங்குவதை ஒக்கும்.

குறை இரண்டாம் வழியில்தான் உள்ளது. அங்கே, ஒவ்வொரு நூலுக்கும் தனித்தனி விலை குறிக்கப்பட்டிருக்கும். அருகில் 'வாங்குக' என்னும் சொல் இருக்கும். அச்சொல்லை நம்பி வாசகர் பணம் செலுத்துகின்றார். அவர் பெறுவது நூல் அன்று. அந்நூலைப் படிப்பதற்கு உரிய உரிமம் மட்டுமே. அவ்வுரிமம் மீறப்படாதவாறு கோப்பின்மீது ஒரு பூட்டும் இடப்படுகின்றது. அப்பூட்டு, நிறுவனம் ஒப்பிய கருவியில் மட்டுமே நூலைத் திறக்கும். வேறு கருவிக்கு மாற்றவும், நண்பர்க்குக் கொடுக்கவும், பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லவும் அஃது இடந்தராது. பெயர் விற்பனை, செயல் வாடகை. பெயருக்கும் செயலுக்கும் உள்ள இவ்வேற்றுமையே வாசகர் ஐயுறுவதற்குக் காரணம். அவர்களைக் கஞ்சர் என்றும், இலவசத்திற்கு அலைவோர் என்றும் பழிப்பவர் உண்டு. அப்பழி பொருந்தாது. இலவசத்தை விரும்புவோர் விலை கொடுத்து வாங்கும் இடத்திற்கே வருவதில்லை. பணத்தைச் செலுத்தியவரே, செலுத்திய பணத்திற்குப் பெற்றது யாது என்று கேட்கின்றனர்.

விற்ற பின்னும் பொருளைத் தம் பிடியில் வைத்திருக்க விரும்புவது புதிய ஆசை அன்று. அச்சு நூல்களிலும் ஒருவர் அதனை முயன்று பார்த்தார். அமெரிக்காவில் பாப்ஸ்-மெரில் என்னும் பதிப்பகத்தார் 1904-ஆம் ஆண்டில் 'தி காஸ்ட்அவே' என்னும் நாவல் ஒன்றை வெளியிட்டனர். அதன் முன்பக்கத்தில், இந்நூலின் விலை ஒரு டாலர் என்றும், அதற்குக் குறைந்த விலைக்கு விற்க எந்த வணிகர்க்கும் உரிமம் இல்லை என்றும், மீறி விற்றால் அது பதிப்புரிமையை மீறிய குற்றமாகக் கொள்ளப்படும் என்றும் அச்சிட்டனர். நியூயார்க் நகரில் மேசி என்னும் பெருங்கடையை நடத்திய ஸ்ட்ராஸ் உடன்பிறந்தார் இவ்வெச்சரிக்கையைப் பொருட்படுத்தவில்லை. அவர்கள் அந்நூலை 89 சென்டுக்கு விற்றனர். பதிப்பகத்தார் வழக்குத் தொடுத்தனர். (உடன்பிறந்தாருள் ஒருவராகிய இசிடோர் ஸ்ட்ராஸ், 1912-ஆம் ஆண்டில் டைட்டானிக் கப்பலோடு மூழ்கியவருள் ஒருவர். அது வேறு கதை.)

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1908-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் தீர்ப்பு வழங்கியது. நூலை முதன்முதல் விற்கும் உரிமை பதிப்பாளர்க்கு உண்டு. ஆனால், தக்க விலை பெற்று ஒருமுறை விற்றுவிட்ட படியை, அதனை வாங்கியவர் பின்னர் என்ன விலைக்கு விற்றல் வேண்டும் என்று கட்டளையிடும் உரிமை பதிப்புரிமைச் சட்டத்தால் அவர்க்குக் கிட்டுவதில்லை என்பது அத்தீர்ப்பின் சாரம். அடுத்த ஆண்டே அக்கருத்து அந்நாட்டின் சட்டத்திலும் இடம்பெற்றது. நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும், நூற்படிகளை மக்களிடையே வெளியிடும் உரிமையை ஆசிரியர்க்கு வழங்குங்கால், முன்னரே புழக்கத்திற்கு வந்துவிட்ட படிகளை அதனின்றும் விலக்குகின்றது. பழைய புத்தகக் கடைகள் தெருவோரங்களில் நிமிர்ந்து நிற்பதற்கு அடிப்படை இத்தகைய கோட்பாடே. அண்ணன் படித்த பாடநூலைத் தம்பி படிப்பதும், அறிஞர் ஒருவர் தாம் தொகுத்த நூல்களை இறுதிக் காலத்தில் ஒரு கல்லூரிக்கு வழங்குவதும் இதனால்தான் இயல்கின்றன.

பாப்ஸ்-மெரில் பதிப்பகத்தார் அன்று தாளில் அச்சிட்டுத் தோற்ற அதே 'உரிமம்' என்னும் சொல், மின்னூல் உடன்பாட்டில் இன்று வெற்றி பெற்றுவிட்டது. தாள் நூலை விற்ற பின் அதன்பின்னே ஓடிச் சென்று காவல் புரிய அவர்களால் இயலவில்லை. மின்னூல் நிறுவனத்திற்கு அது கை சொடுக்கும் வேலை.

அது வெறும் அச்சம் அன்று என்பதை 2009-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நிகழ்ந்த நிகழ்ச்சி ஒன்று காட்டியது. ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய '1984', 'விலங்குப் பண்ணை' ஆகிய நூல்களின் ஒரு பதிப்பைக் கிண்டில் கருவிக்கென அமெரிக்க வாசகர் பலர் விலை கொடுத்து வாங்கியிருந்தனர். அப்பதிப்பை அமேசான் கடையில் விற்பனைக்கு வைத்தவர்க்கு அமெரிக்காவில் அந்நூல்களை விற்கும் உரிமை இல்லை. ஆர்வெல் 1950-ஆம் ஆண்டில் மறைந்தார், சில நாடுகளில் அந்நூல்களின் பதிப்புரிமைக் காலம் முடிந்திருந்தது, அமெரிக்காவில் முடியவில்லை. இதனை அறிந்த அமேசான், இனி விற்பதில்லை என்று நிறுத்தியிருக்கலாம். உரியவர்க்கு இழப்பீடு தந்திருக்கலாம். அவ்வாறு செய்யாது, ஏற்கெனவே வாங்கியவர்களின் கருவிகளிலிருந்தும் அந்நூல்களை அழித்துவிட்டது. பணம் திரும்ப வந்தது, நூல் போயிற்று.

இதனை ஒரு புத்தகக் கடையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கடைக்காரர் ஒருவர், தாம் விற்ற நூலில் வழக்கு உண்டு என்று அறிந்து, நள்ளிரவில் நம் வீட்டுக் கதவைத் திறந்து, அலமாரியிலிருந்து நூலை எடுத்துக்கொண்டு, மேசைமேல் பணத்தை வைத்துவிட்டுப் போகின்றார். பணம் சரியாக இருக்கின்றது என்று நாம் அமைதி அடைவோமா? 'இவரிடம் நம் வீட்டுச் சாவி எவ்வாறு வந்தது?' என்பதன்றோ நம் முதற் கேள்வியாக இருக்கும்?

அந்நூலை வாங்கியவருள் உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒருவரும் இருந்தார். பள்ளிப் பாடத்திற்காக '1984' நூலைப் படித்து, பக்கம் பக்கமாகக் குறிப்புகள் எழுதி வந்தார். நூல் அழிந்தபோது குறிப்புகள் முழுவதும் அழிந்துவிடவில்லை. ஆயின், எந்த வரிக்கு எந்தக் குறிப்பு என்று காட்டுவதற்கு நூல் இல்லாமையால் அவை பயனற்றுப் போயின. அவர் நீதிமன்றம் சென்றார். அமேசானின் தலைவர் ஜெப் பெசோஸ், தம் நிறுவனம் செய்தது மதியற்ற செயல் என்று வெளிப்படையாகக் கூறி மன்னிப்புக் கேட்டார். பின்னர், விரும்புவோர்க்கு நூலையும் குறிப்பையும் மீட்டுத் தருவதாகவும் நிறுவனம் அறிவித்தது. வழக்கு உடன்பாட்டில் முடிந்தது. குறிப்பிட்ட சில நிலைமைகளில் அன்றி அமெரிக்க வாசகர் கருவியிலிருந்து நூலை இவ்வாறு நீக்குவதில்லை என்ற உறுதிமொழியும் தரப்பட்டது. மன்னிப்பைப் பாராட்டுவோம். ஆயினும், உறுதிமொழி தந்தவர் கையிலேயே சாவி இன்னும் இருக்கின்றது என்பதை மறத்தல் ஆகாது. '1984' என்னும் நூல், பழைய ஏடுகளைத் திருத்தியும் எரித்தும் வரலாற்றையே மாற்றும் ஓர் அரசைப் பற்றியது. அழிப்பதற்கு அந்நூல்தானா அகப்பட வேண்டும்!

பிறகு நிகழ்ந்தவை பல. மைக்ரோசாப்ட் நிறுவனம் தன் மின்னூல் கடையை 2019-ஆம் ஆண்டு ஏப்ரலில் மூடியது. அங்கு வாங்கிய நூல்கள் அவ்வாண்டு ஜூலை முதல் திறக்கவில்லை. விலை திருப்பித் தரப்பட்டது. நூலில் குறிப்பு எழுதி வைத்திருந்தவர்க்கு மேலும் 25 டாலர் வழங்கப்பட்டது. ஒருவர் சிந்தித்து எழுதிய குறிப்புக்கு யாரோ ஒருவர் விலை குறித்துவிட்டார். உலகின் பெருஞ்செல்வ நிறுவனங்களுள் ஒன்றின் கடையே மூடுமாயின், சிறிய கடைகளைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. 2023-ஆம் ஆண்டு பிப்ரவரியில், குழந்தை இலக்கிய ஆசிரியர் ரோல்ட் டாலின் நூல்களில் சில சொற்களைப் பதிப்பகத்தார் மாற்றியபோது, பழைய பதிப்பை மின்னூலாக வாங்கி வைத்திருந்தவர்களின் படிகளிலும் புதிய சொற்கள் தாமாகவே புகுந்தன என்று ஆங்கிலச் செய்தித்தாள் ஒன்று எழுதியது. அத்திருத்தங்கள் நல்லனவா, தீயனவா என்பது வேறு வழக்கு. புதிய பதிப்பில் வேண்டியவாறு திருத்திக்கொள்ளட்டும். நான் முன்னரே வாங்கிய படியில் திருத்துவதற்கு என்னைக் கேட்க வேண்டாவா? வாங்கிய கிண்டில் நூலைக் கணிப்பொறியில் இறக்கிக் கம்பி வழியாகக் கருவிக்கு மாற்றும் வசதி ஒன்று நெடுங்காலம் இருந்தது. தனிப்படி ஒன்றைச் சேமித்து வைக்க எண்ணியோர்க்கு அது துணையாக இருந்தது. 2025-ஆம் ஆண்டு பிப்ரவரி 26 முதல் அதுவும் நிறுத்தப்பட்டது.

இனி, மறுதரப்பாரின் கூற்றையும் கேட்டல் முறை. தாள் நூலை நண்பர்க்குக் கொடுத்தால் அது நம் கையைவிட்டு நீங்குகின்றது. மின்னூலைக் கொடுத்தாலோ நம்மிடமும் இருக்கும், அவரிடமும் இருக்கும். ஒருவர் வாங்கிப் பதினாயிரம் பேர்க்கு அனுப்பலாம். தாள் நூல் கைமாறக் கைமாறத் தேய்ந்து பழுதுறும், மின்னூல் தேயாது. அவ்வாறாயின் நூலாசிரியர் எங்ஙனம் வாழ்வது? இது வலிமை உடைய கேள்வி. ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், பழைய மின்னூல்களை மறுவிற்பனை செய்த நெதர்லாந்து நிறுவனம் ஒன்றின் வழக்கில், ஆசிரியரின் இசைவின்றி அவ்வாறு விற்றல் கூடாது என்று 2019-ஆம் ஆண்டு டிசம்பரில் தீர்ப்பளித்ததற்கு இக்காரணமும் துணை நின்றது. பல்லாண்டு உழைத்து எழுதியவரின் உழைப்பைச் சுரண்ட எவர்க்கும் உரிமை இல்லை. கள்ளப்படி எடுப்போர்க்காக நான் ஒரு சொல்லும் பேச மாட்டேன்.

ஆனால், இக்கூற்று எவ்வளவு தொலைவு செல்கின்றது என்று நோக்குதல் வேண்டும். மறுவிற்பனை கூடாது என்று இது கூறுகின்றது. நன்று, அவ்வுரிமையை விட்டுக்கொடுப்போம். பதினாயிரம் பேர்க்கு அனுப்புதல் கூடாது என்று கூறுகின்றது, அதுவும் நன்று. நான் வாங்கியதை நானே வைத்துக்கொள்ளுதல் கூடாது என்பதற்கு இதில் காரணம் எங்கே உள்ளது? கடை மூடிய பின்னும் என் படி என்னிடம் இருப்பதனால் எந்த ஆசிரியர்க்கு என்ன இழப்பு? விற்கும் உரிமையும் வைத்துக்கொள்ளும் உரிமையும் வேறு வேறு. முன்னதை மறுப்பதற்குக் கூறும் காரணத்தைக் கொண்டே பின்னதையும் பறித்துவிட்டனர்.

பூட்டு கள்வரைத் தடுக்கின்றதா என்பதும் ஐயத்திற்கு உரியது. கள்வர் பூட்டை உடைத்த படியையே பரப்புகின்றனர். எனவே, பூட்டின் துன்பத்தை அவர்கள் அறியார். நேர்மையாக வாங்கியவரே அதன்முன் நின்று தவிக்கின்றனர். அறிவியல் புனைகதைகளை வெளியிடும் 'டோர்' பதிப்பகத்தார் 2012-ஆம் ஆண்டில் தம் மின்னூல்களைப் பூட்டின்றி விற்கத் தொடங்கினர். ஓராண்டு கழித்து, அதனால் கள்ளப்படிகள் குறிப்பிடத்தக்க அளவில் பெருகவில்லை என்று அவர்களின் இங்கிலாந்துக் கிளையினர் தெரிவித்தனர். ஒரு பதிப்பகத்தின் பட்டறிவு எல்லார்க்கும் பொருந்தும் என்று கூற முடியாது. ஆயினும், பூட்டைக் கழற்றியவுடன் வீடு கொள்ளை போய்விடும் என்ற அச்சத்தை அது பெரிதும் தணிக்கின்றது.

மேலும் ஒன்று. பூட்டு ஆசிரியரைக் காக்கவே இடப்பட்டது என்கின்றனர். ஆனால், அதன் சாவி ஆசிரியரிடம் இல்லை, பதிப்பாளரிடமும் இல்லை, கடைக்காரரிடம் உள்ளது. முந்நூறு நூல்களை ஒரு கடையில் வாங்கிவிட்ட வாசகர், அக்கடையின் போக்குப் பிடிக்காது வேறு கடைக்குச் செல்ல விரும்பினாலும், முந்நூறு நூல்களையும் விட்டுவிட்டே செல்லுதல் வேண்டும். எனவே, அவர் செல்வதில்லை. வாசகர் செல்லாமையால் பதிப்பாளரும் அக்கடையைவிட்டு நீங்க இயலாது. கடைக்காரர் கேட்கும் பங்கைக் கொடுத்தே தீர வேண்டும். ஆக, கள்வரை நோக்கிக் கட்டிய மதில், உள்ளிருப்போரை வெளியே விடாத மதிலாக முடிந்தது. கால்நடைக்குப் பட்டி கட்டுவோர், காப்பதற்கும் அடைப்பதற்கும் ஒரே வேலிதான் பயன்படும் என்பதை அறிவர்.

பார்வையற்றோர் படும் இன்னல் இதனினும் கொடிது. 2009-ஆம் ஆண்டு பிப்ரவரியில் வந்த இரண்டாம் கிண்டில் கருவி, நூலை உரக்கப் படித்துக் காட்டும் ஆற்றல் பெற்றிருந்தது. அமெரிக்க எழுத்தாளர் சங்கத்தார், ஒலிநூல் விற்பனை கெடும் என்று அதனை எதிர்த்தனர். பதிப்பாளர் விரும்பாத நூல்களில் அவ்வாற்றலை அடைத்துவிட அமேசான் இசைந்தது. தாமே விலை கொடுத்து வாங்கிய நூலின்முன், கண்ணில்லாதார் செவியையும் மூடிக்கொண்டு அமர வேண்டியதாயிற்று. அவர்கள் அவ்வாண்டு ஏப்ரலில் நியூயார்க் நகரில் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தனர்.

சட்டம் இப்பூட்டை எவ்வாறு கருதுகின்றது? அமெரிக்காவின் 1998-ஆம் ஆண்டுச் சட்டம், சில விலக்குகள் நீங்கலாக, பூட்டை உடைப்பதையே குற்றமாக்கியது. வாங்கிய நூலை வேறு கருவியில் படிப்பதற்காக உடைப்பவரும் அச்சட்டத்தின் பிடியில் அகப்படலாம். நம் நாட்டில் 2012-ஆம் ஆண்டுத் திருத்தம், ஆசிரியர் உரிமையை மீறும் எண்ணத்தோடு பூட்டை உடைப்பார்க்கே ஈராண்டு வரை சிறையும் தண்டமும் விதிக்கின்றது; சட்டம் வெளிப்படையாக விலக்காத செயலுக்கு அது தடையாவதில்லை. எண்ணத்தை நோக்கும் நம் சட்டமே அறிவுடையது என்பது என் கருத்து. எனினும், சட்டம் இடந்தந்தாலும் பூட்டைத் திறக்கும் வகை பெரும்பாலான வாசகர்க்குத் தெரியாது. ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு கழிந்தால் அவர் நூல் இந்நாட்டில் பொதுவுடைமை ஆகின்றது. ஆனால், அந்நாளில் பூட்டுத் தானாகத் திறந்துகொள்வதில்லை.

கலிபோர்னியா மாநிலம் 2024-ஆம் ஆண்டில் எளிய சட்டம் ஒன்று இயற்றியது. 2025 ஜனவரி முதல் அது நடைமுறைக்கு வந்தது. வாங்குவோர் பெறுவது உரிமமே என்பதைத் தெளிவாக எடுத்துரைக்காமல், மின்பொருள் விற்போர் 'வாங்குக' என்னும் சொல்லைப் பயன்படுத்துதல் கூடாது என்பது அதன் கட்டளை. பூட்டை அச்சட்டம் கழற்றவில்லை. சொல்லின் பொய்யை மட்டும் கழற்றியது. சிறிய செயல்தான், எனினும், ஒவ்வொரு நாடும் முதலில் செய்யத் தக்கது அதுவே என்று எண்ணுகின்றேன். வாடகை என்று அறிந்தால், வாடகைக்கு உரிய விலையைத்தான் மக்கள் தருவர்.

தனி வாசகரின் நிலை இவ்வாறாக, பொது நூலகங்களின் நிலை இன்னும் இரங்கத் தக்கது. தாள் நூல் ஒன்றை வாங்கும் நூலகம், அது கிழியும் வரை எத்துணைப் பேர்க்கும் வழங்கலாம். கிழிந்தால் கட்டுக் கட்டி மீண்டும் வழங்கலாம். ஹார்ப்பர் காலின்ஸ் பதிப்பகத்தார் 2011-ஆம் ஆண்டில், தம் மின்னூல் ஒவ்வொன்றையும் நூலகங்கள் 26 முறை மட்டுமே வழங்கலாம், பிறகு மீண்டும் விலை தரல் வேண்டும் என்று விதித்தனர். தேயாத பொருளுக்குத் தேய்மானம் கற்பித்த விந்தை இது!

மேலைநாட்டு நூலகங்களில் முற்காலத்தில் நூல்களை இரும்புச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்தனர். கையால் எழுதிய நூல் பெருவிலை பெற்ற காலம் அது. மேசைவரை நீளும் சங்கிலி, வாயில்வரை நீளாது. இங்கிலாந்தில் ஹெரிபோர்டு நகரப் பேராலயத்தில் அத்தகைய நூலகத்தை இன்றும் காணலாம். சென்னைப் பல்கலைக்கழக நூலகராக விளங்கிய சீர்காழி எஸ். ஆர். அரங்கநாதனார், 1931-ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலக விதிகள் ஐந்தனுள் முதல் விதியை விளக்குமிடத்து இச்சங்கிலி வழக்கத்தை எடுத்துக்காட்டுகின்றார். நூல்கள் பயன்படுத்துவதற்கே உரியன என்பது அவ்விதி. சங்கிலி அறுந்தது நூலின் வரலாற்றில் பெரிய விடுதலை என்பதை அவ்விளக்கம் உணர்த்தும். தாளும் அச்சும் மலிந்தபோது அறுந்த அச்சங்கிலி, படியெடுக்கச் செலவே இல்லாத காலத்தில் கண்ணுக்குத் தெரியாத வடிவில் மீண்டும் பூட்டப்பட்டிருக்கின்றது. பழைய சங்கிலிக்காவது, நூல் அரிது என்னும் காரணம் இருந்தது.

நம் பழந்தமிழ் நூல்கள் எஞ்சிய வரலாற்றையும் ஈண்டு நினைத்தல் பொருந்தும். உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887-ஆம் ஆண்டில் பதிப்பித்தற்குப் பல ஏட்டுப் பிரதிகளை ஒப்பு நோக்கினார். அவ்வேடுகள் ஒரே களஞ்சியத்தில் இருந்தவை அல்ல. பல ஊர்களில், பலர் கையில் சிதறிக் கிடந்தவை. முன்னோர் அவற்றைப் படியெடுத்து வைத்துக்கொள்ள எவரிடமும் உரிமம் பெறவில்லை. ஓரிடத்து ஏட்டைச் செல் அரித்தாலும் மற்றோரிடத்து ஏடு பிழைத்திருந்தது. ஒரே களஞ்சியத்தில், ஒரே சாவியின்கீழ் அவை இருந்திருப்பின், அக்களஞ்சியத்தார் கதவடைத்த நாளே அவற்றின் இறுதி நாளாகியிருக்கும்.

மின்னூலிலும் அத்தகைய வழி இயலாதது அன்று. 1998-ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில், கு. கலியாணசுந்தரம் அவர்களின் முயற்சியால் 'மதுரைத் திட்டம்' தொடங்கப்பெற்றது. உலகின் பல நாடுகளில் வாழும் தமிழர் ஊதியம் கருதாது நூல்களைத் தட்டெழுதியும் பிழை திருத்தியும், எவரும் இறக்கிக்கொள்ளுமாறு இணையத்தில் இலவசமாக வைத்தனர். அக்காலத்தில் தமிழ் எழுத்துக்குப் பொதுவான கணிப்பொறிக் குறியீடு எங்கும் நிலைபெறவில்லை. முதலில் வந்த கோப்புகளுக்கு அவற்றிற்கென அமைந்த தனி எழுத்துருக்கள் வேண்டியிருந்தன. பின்னர் யூனிகோடு என்னும் பொதுக் குறியீடு பரவியது. பழைய குறியீடுகள் வழக்கொழிந்தன. பூட்டிட்ட கோப்புகளாக இருந்திருப்பின் அவையும் அவற்றோடு ஒழிந்திருக்கும். பூட்டு இல்லாமையால், தன்னார்வத் தொண்டர் அவற்றைப் புதிய குறியீட்டிற்கு மாற்றினர். இன்று அந்நூல்கள் எளிய கைப்பேசியிலும் திறக்கின்றன. அவற்றை இறக்கி வைத்திருக்கும் மாணவன், இணையம் இல்லாத ஊரிலும், எவரையும் கேளாமல் படித்துக்கொண்டிருக்கின்றான்.